கரடிக்குக் கை நீட்டாதே!

வடக்கே யாத்திரை போகிறோம் என்றால் நம் ஊரில் "காசிக்கா, பத்ரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். என்னையும் எதிர் வீட்டு மாமி அப்படித்தான் கேட்டார். "அதற்கும் வடக்கே மாமி! அங்கே கோவில் கிடையாது, ஆனால் குளம் உண்டு. சாமி கிடையாது, கரடி உண்டு" என்றேன். மாமி மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

கனடா நாட்டில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தலைநகரம் எட்மன்டன். அங்கே என் தங்கை குடித்தனம் நடத்துகிறாள். 2024-ஆம் ஆண்டு மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் மூவரும் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஜூன் மாதக் கடைசியில் தங்கை கணவருக்கு லீவு கிடைத்தது. "அக்கா, நயாகரா எல்லோரும்தான் பார்க்கிறார்கள். உங்களை அலாஸ்கா ஹைவேயில் அழைத்துப் போகிறேன்" என்றார் அவர். தங்கைக்கு ஆறு வயதில் ஒரு பையன். ஆக, பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு வேன். எட்மன்டனிலிருந்து யூகான் பிரதேசத்தின் தலைநகரான ஒயிட்ஹார்ஸ் வரை, போக மட்டும் 2,000 கிலோமீட்டர்!

"இத்தனை தூரம் காரில் உட்கார்ந்தால் இடுப்பு என்னத்துக்காகும்?" என்று முதலில் எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. போய்விட்டு வந்த பிறகு சொல்கிறேன்: இடுப்பு வலி இரண்டு நாளில் போய்விட்டது. அங்கே கண்டதும் கற்றதும் மனசை விட்டுப் போகவில்லை.

போருக்காகப் போட்ட சாலை

எட்மன்டனிலிருந்து சுமார் 590 கிலோமீட்டர் வடமேற்கே டாசன் க்ரீக் என்று ஒரு சின்ன ஊர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைச் சேர்ந்தது. அலாஸ்கா ஹைவேயின் "ஜீரோ மைல்" இங்கேதான். ஊர் நடுவே வெள்ளைத் தூண் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் கிளம்புவதில்லை. நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

இந்தச் சாலைக்கு ஒரு கதை உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதும் அமெரிக்காவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தன்னுடைய அலாஸ்காவுக்குத் தரை வழியே போகப் பாதை இல்லையே! கனடாவின் அனுமதியோடு 1942 மார்ச்சில் வேலை ஆரம்பித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவத்தினர் காட்டிலும் சேற்றிலும் பனியிலும் பாடுபட்டு, அதே வருஷம் அக்டோபர் கடைசிக்குள் சுமார் 2,700 கிலோமீட்டருக்குப் பாதை போட்டுவிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கறுப்பினச் சிப்பாய்கள். நம் ஊரில் ஒரு தெருவுக்குத் தார் போடவே எட்டு மாதம் ஆகிறது. இவர்கள் எட்டே மாதத்தில் ஒரு நெடுஞ்சாலையையே முடித்திருக்கிறார்கள்! பிற்பாடு வளைவுகளை நிமிர்த்தி நிமிர்த்தி இப்போது சாலையின் நீளம் 2,200 கிலோமீட்டர் சொச்சம்தான். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1948-ல்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதுவரை வெளியுலகத் தொடர்பு அதிகம் இல்லாத பூர்வகுடிக் கிராமங்களுக்குச் சாலையோடு சேர்ந்து தட்டம்மையும் ஃப்ளூ ஜுரமும் வந்தன. டெஸ்லின் என்ற ஏரிக்கரை ஊரில் 1942-43-ல் அடுத்தடுத்து நோய் பரவிக் குடும்பம் குடும்பமாகப் படுத்தார்களாம். ஒயிட்ஹார்ஸ் போகும் வழியில் அந்த ஊரைத் தாண்டினோம். நீல ஏரியும் நீண்ட பாலமுமாகப் பார்க்க அத்தனை அழகு! ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தக் காலத்துத் தாய்மார்களை நினைத்தபோது மனசு கனத்தது.

மிருகங்கள் ஏன் சாலைக்கு வருகின்றன?

டாசன் க்ரீக்கில் முதல் ராத்திரி, ஃபோர்ட் நெல்சனில் இரண்டாம் ராத்திரி. ஃபோர்ட் நெல்சன் ஊரை 2024 மே மாதத்தில்தான் காட்டுத்தீக்குப் பயந்து முழுசாகக் காலி செய்திருந்தார்கள். நாங்கள் போனபோது ஜனங்கள் வீடு திரும்பியிருந்தார்கள். ஊரைத் தாண்டியதும் சாலை ஓரத்தில் கரிக்கட்டையாக நின்ற மரங்களைப் பார்த்தோம். அந்த மரங்களின் காலடியில் அதற்குள்ளே பச்சை துளிர் விட்டிருந்தது.

மூன்றாம் நாள்தான் மலை ஆரம்பம். சம்மிட் லேக் என்ற இடத்தில் சாலை 1,295 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அலாஸ்கா ஹைவேயிலேயே உயரமான இடம் இதுதான். ஜூன் கடைசியிலும் மலை மடிப்புகளில் பனி வெள்ளை வேஷ்டி மாதிரி கிடந்தது. அங்கேதான் எங்களுக்கு முதல் தரிசனம். கிளைக் கொம்போடு காரிபூ என்னும் பனிமான் ஒன்று நடுச் சாலையில் நின்று தாரை நக்கிக்கொண்டிருந்தது! அதை அடுத்து, செங்குத்தான பாறையில் ஸ்டோன் ஷீப் என்ற சாம்பல் நிற மலையாடுகள் குட்டிகளோடு நின்றன. இந்த ஜாதி ஆடு உலகத்திலேயே இந்த வட்டாரத்தில்தான் உண்டு.

"ஏன் மாப்பிள்ளை, ரோட்டில் அப்படி என்ன ருசி கண்டது அது?" என்று கேட்டேன்.

"உப்பு அக்கா. குளிர் காலத்தில் பனி உருகட்டும் என்று சாலையில் உப்புத் தூவுகிறார்கள். மலை மண்ணிலும் தாது உப்பு உண்டு. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஆட்டுக்கு அது அவசியம்" என்றார்.

பிள்ளை பெற்றவளுக்கு உடம்பில் சுண்ணாம்புச் சத்துக் குறையும் என்று நாம் பாலும் கீரையும் கொடுக்கவில்லையா, அதே கதைதான்!

சாலைக்கு இரண்டு பக்கமும் முப்பது நாற்பது அடிக்கு மேல் மரத்தை வெட்டி வெட்டவெளியாக வைத்திருக்கிறார்கள். அங்கே வெயில் நேராக விழுவதால் காட்டுக்குள்ளே முளைப்பதற்கு முன்பே புல்லும் க்ளோவர் இலையும் மஞ்சள் டான்டலியன் பூவும் தளதளவென்று வந்துவிடுகின்றன. ஆறேழு மாதம் குகையில் தூங்கி எழுந்த கரடிக்கு அதுதான் விருந்து. கரடி என்றால் மாமிசம்தான் தின்னும் என்று நினைத்திருந்த என் மகளுக்கு, அது மாடு மாதிரி தலையைக் குனிந்து புல் மேய்வதைப் பார்க்க ஒரே ஆச்சரியம்.

நீண்ட பிரயாணத்தில் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று கேட்பீர்கள். தங்கை ஒரு யுக்தி செய்திருந்தாள். பையன் கையில் செல்போனைக் கொடுக்காமல் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்துவிட்டாள். முதலில் பார்ப்பவர் "நிறுத்து!" என்று கத்த வேண்டும். பையன் படம் வரைந்து எண்ணிக்கை குறிக்க வேண்டும். என் கணவருக்கு மூக்குக் கண்ணாடி போட்டும் ஒன்றும் தெரியாது. பையனுக்கோ அரை மைலுக்கு அப்பால் முள்ளம்பன்றி தெரியும்! ஐந்து நாளும் "எப்ப வரும், எப்ப வரும்" என்ற நச்சரிப்பே இல்லை.

வெந்நீர்க் குளத்தில் ஒரு குளியல்

அன்று ராத்திரி மன்ச்சோ ஏரிக்கரையில் தங்கினோம். பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியின் நிறத்தை எப்படிச் சொல்வது? மயில் கழுத்துப் பட்டுப்புடவையை விரித்துப் போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்தரை மணிக்கும் பகல் போல வெளிச்சம். பையனைத் தூங்க வைக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஒரு மணி நேரப் பயணத்தில் லியார்ட் ரிவர் வெந்நீர் ஊற்று. சாலையிலிருந்து சதுப்புக் காட்டின் நடுவே மரப் பலகை போட்ட நடைபாதையில் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். பூமிக்குள்ளிருந்து வெந்நீர் வருவதால் அந்த இடம் மட்டும் கதகதப்பாக, பெரணிச் செடியும் ஆர்க்கிட் பூவுமாக இருக்கிறது. சதுப்பில் ஒரு மூஸ், குதிரையை விடப் பெரிய மான், முழங்கால் தண்ணீரில் நின்று செடியைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குளத்தின் சூடு 42 முதல் 52 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும் என்கிறார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் கொதிக்கிறது. தள்ளிப் போகப் போக நம் வீட்டு எண்ணெய்க் குளியல் வெந்நீர் பதம். எனக்கென்று தங்கை முழங்கை, முழங்கால் மூடுகிற மாதிரி குளியல் உடை வாங்கி வைத்திருந்தாள். முதலில் கூச்சமாக இருந்தது. இறங்கிய பிறகு எழுந்து வரத்தான் மனசில்லை. நாலு நாள் உட்கார்ந்து வந்த இடுப்பு வலிக்கு அதைவிட ஒத்தடம் கிடையாது.

இங்கே சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இத்தனை சூடான நீரில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரேயடியாக உட்காரக் கூடாது. கர்ப்பிணிகள் இந்தச் சூட்டில் இறங்கவே வேண்டாம். கரையில் காற்று வாங்கினால் போதும். ரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குழந்தைகளை ஊற்றுப் பக்கம் விடாமல் ஆறின ஓரத்தில் கொஞ்ச நேரம் விளையாடவிட்டு, உடனே குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.

இந்த அழகான இடத்துக்கு ஒரு சோகமும் உண்டு. 1997 ஆகஸ்டில் இங்கே ஒரு கரடி தாக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவர், தன் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு தாய். மற்றவர், அவரைக் காப்பாற்ற ஓடி வந்த மனிதர். அந்தத் தாயின் மகனும் படுகாயப்பட்டான். தங்கை இதைத் தணிந்த குரலில் என்னிடம் சொன்னபோது பையன் எதிரே தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். கை தானாக அவனைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட தாக்குதல் அபூர்வம்தான். ஆனாலும் காட்டு மிருகம் காட்டு மிருகம்தான், படத்துப் பொம்மை அல்ல என்பதை அங்கே ஒவ்வொரு அறிவிப்புப் பலகையும் ஞாபகப்படுத்துகிறது.

சாலை ஓரத்தில் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும்

லியார்டைத் தாண்டினால் காட்டெருமை ராஜ்யம். பைசன் என்று சொல்கிறார்கள். வட அமெரிக்காவில் தரையில் நடமாடும் மிருகங்களில் மிகப் பெரியது இதுதான். வளர்ந்த கடா ஒரு டன் எடைக்குக் கிட்டத்தட்ட வரும். வேட்டையாடி வேட்டையாடி, 1900-ஆம் ஆண்டு வாக்கில் இந்த வகைக் காட்டெருமை சில நூறுதான் மிஞ்சியிருந்ததாம். 1995-ல் ஆல்பர்ட்டாவிலிருந்து சுமார் ஐம்பது பைசன்களைக் கொண்டுவந்து இந்த வட்டாரத்தில் விட்டார்கள். இன்று அந்த வம்சம்தான் சாலை ஓரம் படுத்துப் புரண்டு மண் குளியல் செய்கிறது. கன்றுகள் செங்கல் நிறத்தில் துள்ளின. பையன் அறுபத்து மூன்று வரை எண்ணினான், அப்புறம் பென்சில் முனை உடைந்துவிட்டது.

அதற்கப்பால் ஒரு வளைவு திரும்பியதும் எங்களுக்கு முன்னால் ஒரு கார் நடுச் சாலையில் நின்றிருந்தது. ஓரத்தில் கறுப்புக் கரடி ஒன்று. அதன் பின்னால் நாய்க்குட்டி அளவில் இரண்டு குட்டிகள்! தங்கை கணவர் வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, தள்ளியே நிறுத்தினார். கண்ணாடி எதையும் இறக்கவில்லை.

முன்னால் இருந்த காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. ஏதோ ரொட்டித் துண்டு போலிருந்தது. புல்லில் வந்து விழுந்தது. இன்னொன்று சாலையில் விழுந்தது.

"அம்மா, அவங்க குடுக்கறாங்க! நானும் என் பிஸ்கட் குடுக்கட்டுமா?" என்று பையன் துள்ளினான். "குட்டிக்குப் பசிக்குதும்மா!"

"கூடாதுடா கண்ணா. பேசாம இரு" என்றாள் தங்கை. குரலில் அப்படி ஒரு கண்டிப்பு. குழந்தை முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் மாமியார் காக்காய்க்கு ஒரு பிடி வைக்காமல் இலையில் உட்கார மாட்டார். எறும்புக்குப் போகட்டும் என்று அரிசி மாவில் கோலம் போடுகிற வம்சம் நாம். 'ஒரு பிஸ்கட்டுதானே, குழந்தை ஆசைப்படுகிறானே' என்றுகூட எனக்குத் தோன்றிற்று. வாய் திறந்து சொல்வதற்குள் நடந்ததைக் கேளுங்கள்.

தாய்க் கரடி அசையவில்லை. ஒரு குட்டி மட்டும் மோப்பம் பிடித்துக்கொண்டு சாலை மேலே ஏறி வந்தது. ரொட்டியை வாயில் கவ்வியது. அந்த நேரம் பார்த்து எதிர்ப் பக்கம் மேட்டிலிருந்து ஒரு பெரிய டேங்கர் லாரி இறங்கியது! அந்தச் சாலையில் லாரிகள் ஓடுகிற வேகமே தனி. ஹாரன் சத்தம் மலையில் மோதி எதிரொலித்தது. தாய்க் கரடி 'ஹுஃப்' என்று ஒரு சத்தம் போட்டது. குட்டி திரும்பித் தாயிடம் ஓடாமல், மிரண்டு போய் எதிர்ப் பக்கம் பாய்ந்தது. டயர்கள் கிறீச்சிட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண் திறந்தபோது லாரி கோணலாக நின்றிருந்தது. குட்டி பிழைத்திருந்தது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சின்னக் குழந்தை அழுவது போலவே அழுதது. இந்தப் பக்கம் தாய் முன்னும் பின்னும் நடந்தது. ஒரு குட்டியை விட்டுவிட்டு வர முடியவில்லை, இன்னொரு குட்டியிடம் போகவும் முடியவில்லை. இரண்டு தெருவுக்கு நடுவே குழந்தையைத் தவறவிட்ட எந்தத் தாயையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

முன்னால் நின்ற கார் சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விட்டது. லாரி டிரைவர் இன்ஜினை அணைத்தார். இந்தப் பக்கம் நாங்கள், எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற இரண்டு வண்டிகள் — எல்லோருமே இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பதினைந்து நிமிஷம் இருக்கும். வேனுக்குள் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் தாய் மெல்லச் சாலையைக் கடந்து போய், மரத்தடியில் நின்று உறுமியது. குட்டி சறுக்கி இறங்கியது. இரண்டாவது குட்டியும் பின்னாலேயே ஓடியது. மூன்றும் காட்டுக்குள் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பையன் கையிலிருந்த பிஸ்கட்டு பொடிப்பொடியாக நொறுங்கியிருந்தது. "அந்தக் குட்டி அம்மாகிட்ட போயிடுச்சா பெரியம்மா?" என்று கேட்டான். "போயிடுச்சுடா தங்கம்" என்றேன்.

அப்புறம்தான் தங்கை அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்: "நீ ஒரு பிஸ்கட் குடுத்தா அதுக்கு ஒரு வாய்கூட ஆகாது. ஆனா, வண்டின்னா தீனின்னு அதுக்குப் பழகிடும். நாளைக்கு எல்லா வண்டி கிட்டேயும் வரும். வண்டி அடிச்சுடும். இல்லே, ஜனங்க கிட்ட பிடுங்க வரும். அப்ப ஆபீசர்ங்க வந்து அதைச் சுட்டுடுவாங்க. நல்லா இருக்கணும்னா அது நம்மைப் பார்த்துப் பயப்படணும்டா."

இது பயமுறுத்தச் சொன்ன கதையல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மனிதர்களின் தீனிக்கும் குப்பைக்கும் பழகிய கறுப்புக் கரடிகளை வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்ல வேண்டியிருக்கிறது. வேறு காட்டில் கொண்டுபோய் விட்டாலும் பழகிய நாக்கு விடுமா? மறுபடி ஊருக்குள் வந்துவிடுகிறது. "தீனி தின்ற கரடி செத்த கரடி" என்பது அந்த நாட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த வாசகம். கரடிக்குத் தீனி போடுவது அந்த மாகாணத்தில் தண்டனைக்குரிய குற்றம்.

நம் கொடைக்கானல், ஊட்டி மலைப்பாதைகளில் வாழைப்பழத்துக்காக வண்டியடிக்கு ஓடி வருகிற குரங்குகளை நினைத்துக்கொண்டேன். காக்காய் நம்மோடு ஊரில் வாழ்கிற பறவை. அதற்கு ஒரு பிடி வைப்பது வேறு. காட்டிலே தன் சாப்பாட்டைத் தானே தேடத் தெரிந்த ஜீவனைச் சாலைக்கு இழுப்பது வேறு. இரண்டும் ஒரே தர்மம் ஆகாது.

பலகைக் காடும் மீன் ஏணியும்

அன்று ராத்திரி வாட்சன் லேக். 1942-ல் சாலை போட வந்த கார்ல் லிண்ட்லி என்ற சிப்பாய்க்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. தன் ஊர் பெயரையும் தூரத்தையும் ஒரு பலகையில் எழுதி நட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர் என்று இன்று எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பலகைகள் அங்கே காடு மாதிரி நிற்கின்றன! என் மகள் எட்மன்டனிலேயே ஒரு பலகையில் 'கும்பகோணம்' என்று தமிழில் பெயிண்டால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். இவர் ஏணி போட்டு ஏறி ஆணி அடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் ஒயிட்ஹார்ஸ். அங்கே யூகான் ஆற்று அணைக்குப் பக்கத்தில், சால்மன் மீன்கள் ஏறிப் போவதற்கென்றே 1959-ல் கட்டிய மர ஏணி இருக்கிறது. கடலிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்து நீந்தி, பிறந்த இடத்துக்கே முட்டையிட வருகிற தாய் மீன்களுக்கான படிக்கட்டு! அவை வருவது ஆகஸ்டில். ஆகவே நாங்கள் போனபோது ஏணி காலியாக இருந்தது. சினூக் என்ற அந்தச் சால்மன் மிகவும் குறைந்துபோனதால், அதைப் பிடிப்பதை ஏழு வருஷம் நிறுத்திவைப்பதென்று 2024 ஏப்ரலில் கனடாவும் அலாஸ்காவும் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன. ஏழு வருஷம் என்பது அந்த மீனின் ஒரு தலைமுறை. அந்த ஆற்று மீனையே நம்பி வாழ்கிற பூர்வகுடி வீடுகளில் இதனால் எத்தனை அடுப்புக்குச் சிரமம் என்று நமக்குத் தெரியாதா? அடுத்த தலைமுறைக்கு மிஞ்ச வேண்டுமே என்றுதான் இந்தச் சிரமம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

பிள்ளைகளோடு இந்தச் சாலையில் போக நினைக்கும் சகோதரிகளுக்கு, எங்களுக்குப் பயன்பட்ட சில குறிப்புகள்:

பெட்ரோல் பங்குக்கும் பங்குக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல்கூட இடைவெளி உண்டு. டேங்க் பாதியானதும் நிரப்பிவிடுங்கள். பல இடங்களில் செல்போன் வேலை செய்யாது. ஆகவே போகும் வழியையும் தங்கும் இடத்தையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். தீ, வெள்ளம் காரணமாகச் சாலையை மூடுவதுண்டு. தினமும் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியும் வெளிச்சமாக இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் உடம்புக்குத் தூக்கம் வேண்டும். இருட்டுகிற காலத்தில் மூஸ் இன்னும் ஆபத்து. அது கறுப்பு நிறம். உயரத்தினால் அதன் கண் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே இருக்கும், பளிச்சிடாது. மோதினால் முழு எடையும் முன் கண்ணாடி மேல்தான் விழும்.

புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி முதல் நாளுக்கு. பிறகு தங்கிய இடத்தில் சின்னக் குக்கரில் சாதம் வைத்துத் தயிர் சேர்த்துக்கொண்டோம். உட்கார்ந்தே இருப்பதால் மலச்சிக்கல் வரும். தண்ணீரும் பழமும் நிறையக் கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் எல்லோரும் இறங்கிக் கால் வீச வேண்டும். வளைவில் வாந்தி வரும் குழந்தைக்கு வயிறு முட்டக் கொடுக்காமல், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கொசு பிடுங்கி எடுத்துவிடும். முழுக்கைச் சட்டை, காலுறை அவசியம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொசு மருந்து பூசாமல் வலையால் மூடுங்கள்.

சாப்பாட்டு மிச்சம், பால் பாட்டில், அழுக்கு நாப்கின், பற்பசை உள்பட வாசனை உள்ள எதையும் வெளியே வைக்கக் கூடாது. கரடி மூக்கு அபார மூக்கு. எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டி வையுங்கள். குப்பையைக் கரடி திறக்க முடியாத இரும்புத் தொட்டியில் மட்டுமே போடுங்கள்.

மானுக்கும் ஆட்டுக்கும் குறைந்தது மூன்று பஸ் நீளம், கரடிக்கும் ஓநாய்க்கும் பத்து பஸ் நீளம் தள்ளி நில்லுங்கள் என்பது கனடாவின் தேசியப் பூங்காக்களில் சொல்லித் தரும் கணக்கு. குழந்தைக்கும் புரியும்படியான கணக்குத்தானே! வளைவில், மேட்டில் வண்டியை நிறுத்தவே கூடாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். பார்ப்பதே போதும், அத்தனை அழகு!